கட்சிக்காரர், குடித்தனக்காரர் ஆன கதை

‘பையன் என்ன பண்றான்?’ என்று கல்யாணப் பந்தியில் கேட்டால், ‘சாப்ல இருக்கான்’ என்று பதில் வருகிற குடும்பங்கள் சென்னையில் ஏராளம். ஜெர்மானியர்கள் ‘எஸ்.ஏ.பி.’ என்று எழுத்து எழுத்தாகச் சொல்கிற பெயரை நாம் பாதி சாப்பாடாக்கிவிட்டோம். பையனின் அம்மா அப்பாவுக்கு அதற்கு மேல் தெரியாது. கேட்டால் பையனும் சரியாகச் சொல்லமாட்டான். நான் சொல்கிறேன்.

இந்த வகை மென்பொருளுக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். 1990-ல் கார்ட்னர் என்கிற அமெரிக்க ஆய்வு நிறுவனம் சூட்டியது. பெயரில் இருக்கும் பந்தாவை உதறிவிட்டால் மிஞ்சுவது, கணக்குப்பிள்ளையின் பேரேடு. ஒரே பேரேடு என்பதுதான் விசேஷம். கிடங்கிலிருந்து ஒரு மூட்டை வெளியே போனால் அதே கணத்தில் சரக்கிருப்பில் குறைந்து, வாடிக்கையாளர் பெயரில் பற்று விழுந்து, ஐந்தொகை வரைக்கும் போய்ச் சேரவேண்டும். நாலு டிபார்ட்மென்ட் நாலு நோட்டு வைத்துக்கொண்டு மாசக் கடைசியில் அடித்துக்கொள்ளக் கூடாது. நல்ல யோசனை. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை, அது வளர்ந்த கதையைச் சொல்கிற விதத்தில். மெயின்ஃப்ரேம், கிளையன்ட்-சர்வர், வெப், கிளவுட் என்று விற்பனைக்காரர்கள் ஒரு படம் காட்டுவார்கள். குரங்கு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து மனுஷனாகும் படம் இருக்கிறதே, அந்த மாதிரி. நீங்கள் நிமிர்வதை விட்டுவிடுங்கள். பேரேடு யார் வீட்டில் இருக்கிறது, சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

1972-ல் ஐ.பி.எம்.மிலிருந்து விலகிய ஐந்து எஞ்சினீயர்கள் ஜெர்மனியில் ஆரம்பித்த கம்பெனி இது. முதல் வாடிக்கையாளர், எஸ்ட்ரிங்கனில் இருந்த ஐ.சி.ஐ.யின் நைலான் தொழிற்சாலை. ஐவரிடமும் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. வாடிக்கையாளரின் மெஷினில், அவர் வேலை முடிந்த பிறகு, ராத்திரிகளில் உட்கார்ந்து எழுதினார்கள். கவனியுங்கள், அன்றைக்கு மென்பொருள்காரர்தான் ஒண்டுக்குடித்தனம்!

அப்போதெல்லாம் அட்டையில் ஓட்டை போட்டு, மொத்தமாகச் சேர்த்து, இரவில் ஓட்டுவார்கள். இவர்களோ டைப் அடித்தவுடன் கணக்கு ஏறவேண்டும் என்றார்கள். அந்த ‘ரியல்டைம்’தான் ஆர் என்ற எழுத்தாகப் பெயரில் ஒட்டிக்கொண்டது. 1979-ல் ஆர்/2, பெரிய மெயின்ஃப்ரேம்களுக்கு. அதை விடுங்கள். விஷயம் 1992-ல் வந்த ஆர்/3.

ஆர்/3 மூன்றடுக்கு. கல்யாணச் சமையல் மாதிரி. உக்கிராண அறையில் சாமான் இருக்கும், அது டேட்டாபேஸ். சமையற்கட்டில் வேலை நடக்கும், அது அப்ளிகேஷன் சர்வர். பந்தியில் இலை போட்டிருக்கும், அது உங்கள் மேஜைக் கம்ப்யூட்டர். பந்தி பெரிசானால் இன்னொரு அடுப்பு மூட்டிக்கொள்ளலாம், உக்கிராணத்தைத் தொடவேண்டாம். மெஷின் ஹெச்.பி.யா, ஐ.பி.எம்.மா, டேட்டாபேஸ் ஆரக்கிளா, வேறா, உங்கள் இஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, அபாப் என்ற மொழியில் எழுதிய அதன் மூலநிரல் உங்கள் கண்ணுக்குத் தெரியும். சமையற்கட்டுக்குள் போய் சாம்பாரில் என்ன போடுகிறார்கள் என்று பார்க்கலாம். பக்கத்தில் உங்கள் அடுப்பையும் வைத்துக்கொள்ளலாம். இதுவரை வந்ததில் வாங்கியவனை மதித்துக் கட்டிய கட்டடம் இதுதான் என்பது என் கட்சி.

அதன் உள்ளே போனால் ஒரு வேடிக்கை. பெரும்பாலான அட்டவணைகளின் முதல் கட்டத்துக்கு ‘மாண்ட்’ என்று பெயர். மாண்டான்ட் என்ற ஜெர்மன் வார்த்தையின் சுருக்கம். வக்கீலும் ஆடிட்டரும் தங்கள் கட்சிக்காரரை அப்படித்தான் சொல்வார்கள். இன்றைய கிளவுடில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும் வார்த்தை என்ன தெரியுமா? ‘டெனன்ட்’. குடித்தனக்காரர். நான் திட்டுவதற்காகக் கண்டுபிடித்த வார்த்தை இல்லை, அவர்களே அச்சடித்துக் கொடுப்பது.

எப்படி வந்தது இது? ஒரே நாளில் வரவில்லை. 2008-ல் வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணத்தை லைசென்ஸ் விலையில் 17 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக்கப்போவதாக அறிவித்தார்கள். கூச்சல் எழுந்ததும், ‘படிப்படியாக ஏற்றுகிறோம்’ என்று இறங்கிவந்தார்கள். 22-ஐ ஐந்தால் பெருக்குங்கள். ஐந்து வருஷத்தில் இன்னொரு முறை விலை கொடுத்து வாங்கியாகிறது.

பிறகு 2015-ல் எஸ்/4ஹானா. கணக்கு முழுவதையும் மெமரியிலேயே வைத்துக்கொண்டு ஓடுகிற டேட்டாபேஸ். வேகம் நிஜம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஹானாவில் மட்டும்தான் ஓடும். உக்கிராணத்தை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற பேச்சு அதோடு போச்சு. பழைய வடிவத்துக்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசி வரை, கூடுதல் பணம் கட்டினால் 2030 வரை என்று 2020-ல் கெடு வைத்தார்கள். 2023-ல் இன்னும் ஒரு படி. செயற்கை நுண்ணறிவு முதலான புது வசதிகள் கிளவுடுக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான். எஸ்/4-ஐ காசு கொடுத்து வாங்கிச் சொந்த மெஷினில் வைத்திருந்தவர்கள், ‘அப்போ நாங்க யாரு?’ என்று ஜெர்மனியிலேயே சத்தம் போட்டார்கள்.

டியாஜியோ வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜானி வாக்கர் விற்கும் கம்பெனி. வாடிக்கையாளர்கள் நேரடியாக ஆர்டர் போடவும், விற்பனை ஆட்களின் வேலைக்கும் சேல்ஸ்ஃபோர்ஸில் இரண்டு செயலிகள் செய்தார்கள். ஆர்டர் கடைசியில் சாப் பேரேட்டில் போய் விழும். ‘அப்படியானால் அவர்கள் எல்லாரும் எங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள்தானே?’ என்று சாப் 5.4 கோடி பவுண்டுக்கு மேல் கேட்டது. 2017 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம், தொகையை முடிவு செய்யாமல், பணம் தரவேண்டியதுதான் என்று சொன்னது. உங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கும் தலைக்கு இத்தனை! மறு வருஷம் விலை முறையையே மாற்றி, ஆவணத்துக்கு இவ்வளவு என்ற கணக்குக்குப் போனார்கள்.

சாப் மேல் மட்டும் எனக்குக் கோபம் என்று நினைக்கவேண்டாம். ஆரக்கிள் 2005-ல் சுமார் 1,030 கோடி டாலருக்கு பீப்பிள்சாஃப்டை மல்லுக்கட்டி வாங்கியபோது, பீப்பிள்சாஃப்ட் வாடிக்கையாளர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் பேரேடு கைமாறியது, அவ்வளவுதான்.

‘அதெல்லாம் இருக்கட்டும், ஆளாளுக்கு மென்பொருளை மாற்றி எழுதித்தானே நாசமாகிறார்கள்?’ என்பீர்கள். நாசமானது உண்மைதான். ஜெர்மானிய மளிகைச் சங்கிலி லிட்ல், சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுகிற தன் வழக்கத்தை விடாமல், விற்பனை விலையில் மதிப்பிடும் சாப்பை வளைத்து வளைத்துப் பார்த்து, ஏழு வருஷம் கழித்து 2018-ல் கைகழுவியது. போனது சுமார் 50 கோடி யூரோ என்று செய்தி. பர்மிங்ஹாம் மாநகராட்சி 2022 ஏப்ரலில் சாப்பை விட்டு ஆரக்கிளுக்குத் தாவியது. அதையும் பழைய வழக்கத்துக்குத் தகுந்தபடி திருத்தினார்கள். வங்கிக் கணக்கைக்கூடச் சரிபார்க்க முடியாமல் தவித்தார்கள். 1.9 கோடி பவுண்டு என்று ஆரம்பித்த செலவு 10 கோடியைத் தாண்டியது. 2023 செப்டம்பரில் மாநகராட்சி கைவிரித்தபோது, சம ஊதிய பாக்கிதான் பெரிய காரணம் என்றாலும், இதுவும் பட்டியலில் இருந்தது.

இதிலிருந்து ‘வாடிக்கையாளரே, நீ மாறிக்கொள்’ என்று பாடம் படிக்கிறார்கள். எனக்கு வேறு தெரிகிறது. லிட்ல் தன் சரக்கை எந்த விலையில் மதிப்பிடுவது என்பது மளிகைக்காரனின் தொழில் ரகசியம், மென்பொருள்காரனின் தீர்மானம் அல்ல. மாற்றத் தெரியாமல் மாற்றியவன் கெட்டான் என்றால் மாற்றக் கற்றுக்கொடுக்க வேண்டும். சமையற்கட்டையே பூட்டுவது பதில் இல்லை.

கிளவுடே கெட்டது என்று சொல்பவன் இல்லை நான். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரரிடம் போய், ‘கீழ்த்தளத்தில் சர்வர் வையுங்கள்’ என்றால் அடிக்க வருவார். இருபது பேர் வேலை செய்யும் அம்பத்தூர் பட்டறைக்கு சர்வர் ரூமும் அதற்கு ஓர் ஏ.சி.யும் எதற்கு? மாச வாடகை அவருக்குச் சௌகரியம். ஆனால் வாடகை வீட்டுக்குப் போகிறவர் காலி செய்வதைப் பற்றியும் பேசித்தானே அட்வான்ஸ் கொடுப்பார்?

ஐரோப்பாவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாற வழிவிட வேண்டும் என்ற தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் அங்கே அமலுக்கு வந்தது. அதே மாசம், சொந்த மெஷினில் வைத்திருப்பவர்களுக்கான பராமரிப்பு நிபந்தனைகள் பற்றி ஐரோப்பிய ஆணையம் சாப் மீது விசாரணையும் தொடங்கியது. தாங்கள் விதிப்படியே நடப்பதாகக் கம்பெனி சொன்னது.

நம் ஊரில் 2013-ம் வருடத்துக் கம்பெனிச் சட்டம், கணக்குப் புத்தகங்களை எட்டு வருஷம் வைத்திரு என்கிறது. மின்னணுக் கணக்கு என்றால் அதன் நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் ஏறவேண்டும் என்று 2022-ல் விதியைத் திருத்தினார்கள். எட்டு வருஷம் காப்பாற்றும் பொறுப்பு உங்களுடையது. மூன்றாம் வருஷம் வாடகை இரண்டு மடங்கானால்? கட்ட முடியாமல் நிறுத்தினால், பேரேடு எந்த வடிவத்தில், எத்தனை நாளில், யார் செலவில் கைக்கு வரும்? எந்தக் கட்டத்தில் எந்தக் கணக்கு என்கிற விளக்கம் கூடவே வருமா, இல்லை பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான அட்டவணைகளை மூட்டை கட்டித் தெருவில் வைப்பார்களா? கையெழுத்துக்கு ஒப்பந்தத்தைக் கொண்டுவரும் டை கட்டிய இளைஞரிடம் இதைக் கேளுங்கள். ‘மேனேஜரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்பார். பேசிவிட்டே வரட்டும்.