கிணறு ஒருவனது, கயிறு ஒருவனது!

கிணறு ஒருவன் நிலத்தில் இருக்கிறது. கயிறு மற்றொருவன் கையில் இருக்கிறது. வாளியும் அவனுடையது, இறைப்பவனும் அவன் ஆள், இறைத்ததை அளந்து கணக்கெழுதும் கையும் அவன் கையே! நிலத்துக்குரியவனோ கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறான். அவ்வப்போது அவன் நீட்டிய கையில் குத்தகைப் பணம் விழுகிறது. இவனைச் செல்வன் என்பதா? செல்வத்துக்குக் காவல் நிற்கும் ஏழை என்பதா?

கற்பனைக் கதை அன்று இது. நைஜீரியா நாட்டில், நைஜர் ஆற்றின் கழிமுகத்தில், ஒலோய்பிரி என்றோர் ஊர். 1956ஆம் ஆண்டு ஷெல்-பிபி நிறுவனம் அங்கே எண்ணெய் கண்டது. 1958இல் அந்நாட்டு எண்ணெய் கப்பலேறிற்று. துளையிடும் கருவி கடல் கடந்து வந்தது. குழாய் கடல் கடந்து வந்தது. கருவியை இயக்கும் அறிவும் கடல் கடந்தே வந்தது. 1970களின் பிற்பகுதியில் அந்த வயல் கைவிடப்பட்டது, வந்தவர் போயினர். எண்ணெய் போனது பெரிதன்று. என்றேனும் ஒருநாள் அது தீர்ந்தே தீரும். இருபது ஆண்டுகள் அந்த மண்ணில் நடந்த தொழில், அந்த மண்ணில் வேரூன்றாமலே போயிற்றே, அதுவன்றோ கொடுமை!

ஏன் இப்படி என்று கேளுங்கள். விடை ஆயத்தமாக இருக்கும். "அவர்களுக்குத் தகுதி ஏது? திறமை ஏது? பூமியைப் பல்லாயிரம் அடி துளைப்பது கத்தரிச் செடி நடுகிற காரியமா? அனுபவம் உள்ளவனிடம் வேலையை ஒப்படைப்பதுதானே அறிவுடைமை?" என்பார்கள், பொருளாதாரம் பேசும் பெரியவர்கள்.

தகுதி! திறமை! எங்கோ கேட்ட குரல்போல் இருக்கிறதல்லவா, தோழர்களே? ஏட்டைத் தொடவிடாமல் தடுத்து வைத்துவிட்டு, எழுத்தறியாதவன் என்று ஏளனம் செய்ததே, அதே குரல்தான்! இங்கே சாதியின் பெயரால் பேசிற்று. அங்கே சந்தையின் பெயரால் பேசுகிறது. அனுபவம் இல்லாதவனுக்கு வேலை இல்லை. வேலை பெறாதவனுக்கு அனுபவம் இல்லை. இந்த வட்டத்துக்குள் ஒரு நாட்டையே நிறுத்தி வைத்துவிட்டு, வெளியே வரத் தெரியவில்லையே என்று கைகொட்டிச் சிரிப்பது எந்த ஊர் நியாயம்? கூட்டல் அறியாத சிறுவன் கையில்தான் நாங்கள் பலகையைக் கொடுக்கிறோம். கூட்டல் கற்று வா, பிறகு பலகை தருகிறேன் என்று சொல்லும் ஆசிரியன் எவனும் இல்லை. நாடுகளுக்கு மட்டும் இந்த விதி தலைகீழாவானேன்?

எண்ணெய் எடுக்கும் கலையுடன் பிறந்த இனம் எதுவும் இவ்வுலகில் இல்லை. நார்வே நாட்டைப் பாருங்கள். வடகடலில் எகோஃபிஸ்க் வயலை, 1969ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க நிறுவனமான பிலிப்ஸ் கண்டுபிடித்தது. அன்று நார்வே மக்கள் எண்ணெய்த் தொழிலுக்குப் புதியவர்கள். இன்று எண்ணெய்த் தலைநகர் என்று போற்றப்படும் ஸ்தவாங்கர், அதற்குமுன் மத்தி மீனைத் தகரப் பெட்டியில் அடைத்து விற்றுப் பிழைத்த ஊர்!

அவர்கள் அந்நியனை விரட்டவில்லை; அவனிடம் கற்றார்கள். ஈராக் நாட்டின் பாஸ்ராவிலிருந்து 1968இல் வந்த ஃபாரூக் அல்-காசிம் என்ற புவியியல் அறிஞரை அரசுப் பணியில் அமர்த்தி, எண்ணெய்க் கொள்கை வகுக்க அவருடைய அறிவைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1972இல் ஸ்டாட்டாயில் என்ற அரசு நிறுவனத்தை எழுப்பினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் பிறந்த அரசாணையின் 54ஆம் பிரிவு சொன்னது இது: விலையிலும் தரத்திலும் குறித்த நாளில் கொடுப்பதிலும் ஈடுகொடுக்குமானால், நார்வேப் பொருளுக்கும் நார்வேப் பணிக்குமே முதலிடம். சொன்னதோடு நிற்கவில்லை. ஒப்பந்தப்புள்ளிக்கு யார் யாரை அழைக்கப் போகிறாய், பட்டியலைக் காட்டு என்று கேட்கும் அலுவலகம் ஒன்றையும் அமைத்தார்கள். ஸ்டாட்ஃபியோர்டு வயலை முதலில் நடத்தியது மோபில் என்ற அமெரிக்க நிறுவனம். அருகிருந்து பயின்ற ஸ்டாட்டாயில், 1987இல் அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றது.

"நார்வேயில் கப்பல் கட்டும் துறைகள் முன்பே இருந்தன, அதனால் முடிந்தது" என்பர் சிலர். இருந்தன, மறுக்கவில்லை. இருந்ததன்மேல் கட்டினார்கள் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். கொல்லன் இல்லாத நாடு ஏது? படகோட்டி இல்லாத கழிமுகம் ஏது? எங்கிருந்து தொடங்குவது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். தொடங்கலாமா என்ற கேள்விக்கு எந்த நாட்டிலும் ஒரே விடைதான்.

தொடங்கியவன் தவறு செய்வான், செய்யட்டும். 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஸ்லைப்னர் வயலுக்காக நார்வே நிறுவனம் கட்டிய கான்கிரீட் மேடை, சோதனையின்போதே கடலில் மூழ்கி நொறுங்கியது. சுவரின் வலிமையைக் கணக்கிட்டதில் பிழை! நார்வேக்காரனுக்குக் கணக்கு வராது, கட்டுமானத்தை அயலானிடம் கொடு என்று எவரேனும் கூவினரா? இல்லை. பிழையைக் கண்டறிந்தார்கள், அதே நிறுவனமே மீண்டும் கட்டிற்று. 1995இல் 472 மீட்டர் உயரமுள்ள டிரோல் மேடையைக் கட்டிக் கடலுக்கு இழுத்துச் சென்று நிறுத்திற்று! வெள்ளையன் தவறினால் அது பாடம். கறுப்பன் தவறினால் அது பிறவிக் குணம். இந்த இரட்டை அளவுகோலை முதலில் முறித்தெறிய வேண்டும்.

நைஜீரியாவில் சட்டமே இல்லையா? இருந்தது. குத்தகை பெற்ற பத்தாண்டுக்குள் நிர்வாக, தொழில்முறை, மேற்பார்வைப் பதவிகளில் நூற்றுக்கு 75 பேர் நைஜீரியராக இருக்கவேண்டும் என்று 1969ஆம் ஆண்டுச் சட்டமே கூறிற்று. ஆனால் அந்தச் சட்டம் சம்பளப் பட்டியலைப் பார்த்தது. கொள்முதல் பட்டியலைப் பார்க்கவில்லை! எண்ணெய் நிறுவனம் நேரே வேலைக்கு வைக்கும் ஆட்கள் சிலரே. பெரும்பணம் புரளும் இடம் வேறு: வடிவமைப்பு, இரும்பு வேலை, குழாய், வால்வு, கப்பல், பழுதுபார்ப்பு. வெல்டரும் பிட்டரும், வரைபடக்காரரும் முக்குளிப்பவரும் உருவாகும் இடம் அதுதான். அந்தப் பணத்தின் பெரும்பகுதி அயல்நாட்டுப் பட்டறைகளுக்குச் சென்றது. அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தது; பட்டறை கிடைக்கவில்லை!

அந்த ஓட்டையை அடைக்க 2010ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு பிறந்த உள்நாட்டுப் பங்குச் சட்டம், ஒவ்வொரு ஒப்பந்தத் தொகையிலும் நூற்றுக்கு ஒன்றை எடுத்துத் திறன் வளர்க்கும் நிதியில் சேர்க்கிறது. அயலான் அமரும் பதவிக்கு அருகே ஒரு நைஜீரியர் அமர்ந்து பயிலவேண்டும். நான்காண்டு முடிந்ததும் அந்தப் பதவி நைஜீரியருடையது என்கிறது. ஒலோய்பிரி இருக்கும் அதே பயெல்சா மாநிலத்தின் தலைநகரில், யெனகோவாவில், இதைக் கண்காணிக்கும் வாரியம் அமர்ந்திருக்கிறது. பயனுண்டா? உண்டு. எகினா வயலுக்கான மிதக்கும் ஆலை தென்கொரியாவில் உருவாயிற்று; ஆனால் அதன் மேல்தளப் பகுதிகள் பதினெட்டில் ஆறு நைஜீரியாவிலேயே செய்யப்பட்டு, 2018இல் லாகோசில் பொருத்தப்பட்டன. முடியாது என்றார்களே, அந்தக் கைகள்தாம் பொருத்தின!

எனினும் சட்டம் வந்ததுமே சொர்க்கம் வந்தது என்று நம்புவது பகுத்தறிவாகாது. அயலான் முதல்போட, உள்ளூரான் கையெழுத்துப் போட, பலகையில் மட்டும் சுதேசிப் பெயர் தொங்கும் பினாமி வணிகம் உடனே தலைதூக்கும். தென் அமெரிக்காவில் கயானா, 2015இல் எண்ணெய் கண்டு, 2019இல் உற்பத்தி தொடங்கி, 2021இன் இறுதியிலேயே சட்டம் இயற்றிற்று. 51 விழுக்காட்டு உரிமை மட்டும் போதாது, உயர் பதவிகளில் 75 விழுக்காடும் ஏனைய பணிகளில் 90 விழுக்காடும் கயானா மக்களே இருந்தால்தான் அது கயானா நிறுவனம் என்றது. அப்படியும் 'வாடகைக் குடிமகன்' என்றொரு சொல் அங்கே பிறந்துவிட்டது! அயல்நாட்டு முதலாளியின் இடத்தில் உள்நாட்டுத் தரகன் உட்காருவதற்குப் பெயர் விடுதலை அன்று. தொழிலாளியின் கையில் திறன் ஏறியதா என்பதே உரைகல்.

செலவு கூடுமே என்பார் உண்டு. தொடக்கத்தில் கூடும், அது பள்ளிச் சம்பளம். ஆனால் பள்ளிக்கு ஆண்டுக் கணக்கு உண்டு. காலமெல்லாம் முதல் வகுப்பிலேயே இருக்க எவருக்கும் உரிமை இல்லை. ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்குள் 1994இல் நுழைந்தபோது, நார்வே அந்தச் சலுகையைக் கைவிட்டது. கால் வலுப்பெற்ற பின் ஊன்றுகோல் எதற்கு?

உலகம் எண்ணெயை விட்டு விலகத் தொடங்கியிருக்கும் காலம் இது. அதனால்தான் இந்தக் கேள்வி மேலும் கூர்மையடைகிறது. 2023இல் நார்வே திறந்துவைத்த ஹைவிண்ட் தாம்பென், கடலில் மிதக்கும் காற்றாலை. அதன் பதினொரு காற்றாடிகளும் கான்கிரீட் மிதவைகளின்மேல் நிற்கின்றன. எண்ணெய்க்காகக் கற்ற கலை, எண்ணெய்க்குப் பின்னும் சோறு போடுகிறது! வயல் வற்றும், வித்தை வற்றாது. வித்தையைத் தராமல் வயலை மட்டும் வற்றச்செய்து போகிறவன் எந்நாட்டானாயினும் கொள்ளைக்காரனே.

ஆகவே, தோழர்களே, எந்த நாட்டில் எந்தப் பெருந்தொழில் கால்வைத்தாலும், ஆண்டுக்கு எத்தனை கோடி வருமானம் என்று ஆட்சியாளர்கள் அடுக்கும் எண்களில் மயங்காதீர். யாருக்குப் பயிற்சி? எந்தப் பட்டறைக்கு வேலை? எத்தனை ஆண்டில் பொறுப்பு கைமாறும்? பலகையில் இருக்கும் பெயரும் பெட்டியில் இருக்கும் பணமும் ஒருவருடையவைதாமா? இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை விடாமல் கேளுங்கள். கயிறு யார் கையில் என்று கேட்கத் துணியாதவனுக்குக் கிணறு இருந்தும் தாகம் தீராது.