கடற்கரைச் சாலைக்குச் சத்திரங்கள் வேண்டும்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் பொதுவாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். கோயில் பக்கத்தில் தேங்காய், பழக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த இரண்டு நாளும் உட்கார நேரமிருக்காது. வெளியூரிலிருந்து வேனில் வந்து இறங்கும் பெண்கள் அர்ச்சனைத் தட்டு விலையைக் கேட்பதற்கு முன்பே, குரலைத் தாழ்த்தி, கழிவறை எங்கே என்றுதான் கேட்பார்கள்.

இந்த மே மாதம் நானும் அப்படிக் கேட்கும் பெண்ணாக இருந்தேன். என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். மலை அந்த அளவுக்குத் திணறுகிறது. நாம் கடலைப் பார்க்கலாம் என்றார் அவர். செவ்வாய் விடியலில் எங்கள் பழைய ஆல்டோவில் கிளம்பி, அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகத் தரங்கம்பாடி போய், அங்கிருந்து கரையை ஒட்டியே தனுஷ்கோடி வரை போனோம். வியாழன் இரவு வீடு திரும்பிவிட்டோம். வெள்ளிக்கிழமை கடை திறக்க வேண்டுமே.

பார்க்க எவ்வளவோ இருக்கிறது. தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அதன் பக்கத்திலேயே அலை பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில். மல்லிப்பட்டினத்துக்கு அருகே சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா. 1964 டிசம்பர் புயல் அழித்த தனுஷ்கோடியில் இன்று அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. கல்லாகிப்போன மரத்தைச் சாத்தனூரில் பார்த்து, எங்கள் பக்கமும் ஒரு காலத்தில் கடல்தான் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, நிஜக் கடலை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே போனது பெரிய சந்தோஷம்.

ஆனால் அந்தச் சந்தோஷத்துக்காக நான் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன், அதுவும் அந்த வெயிலில். ஒரு பெட்ரோல் பங்கில் பெண்கள் கழிவறைக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கடற்கரையில் கதவே இல்லை. ஆண்கள் வண்டியை ஓரம் கட்டிவிடுகிறார்கள். சர்க்கரை நோய் உள்ள ஐம்பது வயதுப் பெண் என்ன செய்வாள்? விடுதிகளில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அங்கே அறை எடுக்க எங்களைப் போன்றவர்களிடம் பணம் இல்லை.

இது நம் மண்ணுக்குப் பழக்கமில்லாத குறை. ராமேஸ்வரம் போகும் வழியெல்லாம் தஞ்சை மராத்திய மன்னர்கள் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இன்றும் அதற்குச் சாட்சி. வழிப்போக்கருக்குச் சோறும் தங்க இடமும் கிடைத்தன. நோயாளிக்கு மருந்தும் கொடுத்தார்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, தொண்டர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டினார். அப்போதும் ஜனங்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி வைத்தார்கள். அதே வேதாரண்யத்துக் கரையோரமாகத்தான் நாங்கள் போனோம்.

இங்கிலாந்தில் கடற்கரை முழுவதும் பொதுமக்கள் நடந்து போகப் பாதை வேண்டும் என்று 2009இல் சட்டமே போட்டார்கள். நான் அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை. நாகப்பட்டினம் முதல் ராமநாதபுரம் வரை, இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்றாக, ஒரு கூரை, நான்கு பெஞ்சு, குடிதண்ணீர், உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிவறை. அதைப் பார்த்துக்கொள்ள மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுங்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் விற்கும் பெண்கள் கையில் காசு இருக்காது. பள்ளி விடுமுறையில் ஜனங்கள் கடலைத் தேடி வருவதும் அப்போதுதான். பத்து ரூபாய் கட்டணம் கொடுக்க நான் தயார். டீ, சுண்டல், கருவாடு விற்றால் வாங்கவும் தயார்.

கட்டிவிட்டுப் பூட்டிப் போடும் கட்டடம் வேண்டாம். அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். நெடுஞ்சாலைத் துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, அடுத்த ஏப்ரல் 15க்குள் முதல் சத்திரத்தையாவது திறக்க வேண்டும்.