பேரப்பிள்ளை கேட்கும்போது





சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாலையில் கிறிஸ்மஸ் ஆராதனைக்குரிய பிரசங்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். குடிலில் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்த என் பேரன் அருகே வந்து, "தாத்தா, பாப்பாவை ஏன் மாட்டுத் தொட்டியில படுக்க வச்சிருக்காங்க?" என்று கேட்டான். "அப்புறம் சொல்றேன் கண்ணு, தாத்தாவுக்கு வேலை இருக்கு" என்றேன். எழுதி முடித்தபோது அவன் உறங்கிவிட்டிருந்தான். மறுநாள் அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முன்னணையைக் குறித்துச் சபை முழுவதற்கும் பிரசங்கித்த நான், என் அருகில் நின்ற பிள்ளையைப் பதிலின்றி அனுப்பிவிட்டேன். அது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

கிறிஸ்து பிறப்பின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொறுப்பை ஞாயிறு பள்ளியிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு நாம் ஓய்ந்திருக்கலாகாது. பஸ்காவை நியமித்தபோதே, அந்த ஆராதனையின் கருத்து என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள் என்பதையும், அதற்குப் பெற்றோர் கூறவேண்டிய பதிலையும் கர்த்தர் மோசேயின் மூலம் சொல்லிவைத்தார் (யாத். 12:26, 27). பண்டிகையோடு பிள்ளையின் கேள்வியும் பெரியவர்களின் பதிலும் சேர்ந்தே இருந்தன. நம் வீடுகளிலோ நட்சத்திரமும் கேக்கும் புத்தாடையும் தவறாமல் வருகின்றன. பதில் மட்டும் விடுபட்டுப்போகிறது.

தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். ஆயினும் அவனிலிருந்த மாயமற்ற விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோவிசாளிடத்தில் நிலைத்திருந்ததைப் பவுல் நினைவுகூருகிறார் (2 தீமோ. 1:5). பேரப்பிள்ளைகள் ஆலயத்தை விட்டு விலகி வளர்கிறார்களே என்று கண்ணீர் விடும் பாட்டிமாரே, உங்கள் ஊழியம் முடிந்துவிடவில்லை.

எதைச் சொல்வது? இனிப்பான பகுதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதிருங்கள். சத்திரத்தில் இடம் கிடைக்காததைச் சொல்லுங்கள். நற்செய்தி அரண்மனைக்கு அல்ல, இரவில் மந்தையைக் காத்த மேய்ப்பர்களுக்கு முதலில் அறிவிக்கப்பட்டதைச் சொல்லுங்கள். ஏரோதுக்குத் தப்பி அந்தக் குடும்பம் எகிப்துக்கு ஓடியதையும் மறைக்காதிருங்கள். தம் ஜனத்தைப் பாவங்களிலிருந்து இரட்சிக்கிறவர் என்பதாலேயே அவருக்கு இயேசு என்று பேரிடப்பட்டது என்பதைச் சொல்லாவிட்டால், மற்றவையெல்லாம் வெறும் கதையாகவே நின்றுவிடும். கடைசியாக, அவர் உங்கள் வாழ்க்கையில் செய்த ஒரு நன்மையைச் சொல்லுங்கள். அந்தச் சாட்சியை எந்தப் புத்தகத்திலிருந்தும் பிள்ளை பெற முடியாது.

சிவப்பு அங்கி தரித்த கிறிஸ்மஸ் தாத்தாவைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த உருவத்தின் பின்னால், 4-ஆம் நூற்றாண்டில் மீறாப் பட்டணத்தில் பேராயராயிருந்த நிக்கொலாஸ் என்னும் கிறிஸ்துவின் ஊழியர் நிற்கிறார் என்று விளக்குங்கள். அந்தத் தாத்தா ஆண்டுக்கு ஒரு நாள் வருவார். சொந்தத் தாத்தாவும் பாட்டியும் நீங்களே. பிள்ளைகள் தூர தேசத்தில் இருந்தால், கைப்பேசியில் பத்து நிமிடம் போதும். லூக்கா 2-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துக் காட்டி, அவர்களைக் கேள்வி கேட்க விடுங்கள்.

அடுத்த ஆண்டு குடிலின் அருகே நானே தரையில் உட்கார்ந்தேன். அவன் கேட்காமலே சொன்னேன்: "பாப்பாவுக்கு வேற இடம் யாரும் கொடுக்கல, கண்ணு. அப்படி இருந்தும் அவர் நம்மகிட்ட வந்தார்." அவன் அந்தக் குழந்தைப் பொம்மையைச் சற்று நேரம் கையிலே வைத்திருந்தான். பிரசங்க பீடத்திலிருந்து நான் சொன்ன எதுவும் இதைவிடப் பெரிதல்ல.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, பிள்ளைகள் கேட்கும் வேளையில் நேரமில்லை என்று சொல்லிவிடாதபடி எங்களைக் காத்தருளும். எங்கள் வாயின் வார்த்தையால் அவர்கள் உம்முடைய குமாரனை அறிந்துகொள்ளக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.