ஆழ்கடல் சிங்கிக்கு எடைத் தராசு போதாது

புதுவயல் பக்கம் சிங்கி இறால் என்றால் தொண்டி, கோட்டைப்பட்டினக் கடலில் படும் இறால்தான் நினைவுக்கு வரும். பாக் விரிகுடா வெதுவெதுப்பான கடல். பெரும்பகுதியில் 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. நம் கடலிலேயே குளிரில் வாழும் சிங்கி ஒன்றும் உண்டு. அதைப் பற்றி நம் துறையினர் பேசுவது குறைவு.

பியூருலஸ் செவெல்லி என்பது அதன் பெயர். 1933-34இல் எகிப்தியக் கப்பலான மபாஹிஸ் அரபிக்கடலை ஆராய்ந்தபோது கிடைத்த மாதிரிகளைக் கொண்டு விலங்கியலாளர் ரமதான் 1938இல் அதை விவரித்தார். அந்தப் பயணத்தின் தலைவரும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முன்னாள் இயக்குநருமான சீமோர் செவெலின் பெயரையே அதற்குச் சூட்டினார். கொல்லத்துக்கு அப்பாலும் மன்னார் வளைகுடாவின் ஆழச் சரிவிலும், பெரும்பாலும் 180 முதல் 300 மீட்டர் ஆழத்தில், சேற்றுத் தரையில் அது வாழ்கிறது. மேல்நீர் 28 பாகை என்றால் அங்கே 15 பாகையும் இருக்காது. 1990களின் இறுதியில் கேரள விசைப்படகுகள் ஆழ்கடல் இறாலைத் தேடிப் போனபோது இதுவும் மடியில் ஏறத் தொடங்கியது. தூத்துக்குடிப் படகுகளும் பின்னால் போயின.

2003 ஜூலையில் ஒன்றிய வணிக அமைச்சகம் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடையை விதித்தது. உயிருள்ள பேனுலிரஸ் ஹோமாரஸுக்கு 200 கிராம், பாலிஃபாகஸுக்கு 300, ஆர்னேட்டஸுக்கு 500, மட்டச் சிங்கியான தீனஸுக்கு 150. நான்குமே கரையோர இனங்கள். ஆழ்கடல் சிங்கி அந்தப் பட்டியலில் இல்லை. ஐந்தாவது வரியாக அதையும் சேர்த்துவிட்டால் போதும் என்று சிலர் கேட்கிறார்கள். நான் உடன்படவில்லை.

அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் குளிர்நீர் லாப்ஸ்டர் சந்தைக்குரிய அளவை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. தாய் தன் முட்டைகளை வயிற்றடியில் ஒன்பது மாதங்களுக்கு மேல் சுமக்கிறது. அங்கே மீனவர் கையிலேயே அளவுகோல் இருக்கிறது. தலையோட்டு நீளம் 83 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும் 127ஐத் தாண்டினாலும் கடலில் விடவேண்டும். சினை இருந்தால் வால்மடலில் ஒரு வெட்டு போட்டு விடுவார்கள். அடுத்து எவர் பொறியில் அது விழுந்தாலும் அந்தத் தழும்பைப் பார்த்துத் திரும்ப விட்டாக வேண்டும். பொறியில் பிடிபட்டது உயிரோடு இருப்பதால்தான் இந்தச் சட்டம் பலிக்கிறது.

நம் ஆழ்கடல் சிங்கி இழுவைமடியில் வருகிறது. மணிக்கணக்கில் மடிக்குள் நசுங்கி, குளிர்ந்த இருட்டிலிருந்து கொதிக்கும் தளத்தில் வந்து விழுகிறது. தரம் பிரிக்கிறவர் கைக்கு வரும்போது பெரும்பாலானவை பிழைக்கும் நிலையில் இருப்பதில்லை. சின்னதைத் தராசில் கழித்துப் பயனில்லை. செத்ததைக் கடலில் கொட்டுவோம், அவ்வளவுதான். சிங்கி வலைக்கும் முக்குளிப்புக்கும் பொருந்தும் விதி இங்கே வெறும் காகிதமாகிவிடும்.

மும்பையில் தீனஸ் இதற்குச் சாட்சி. 1970களின் இறுதியில் இழுவைமடியில் நன்றாகப் பட்டுவந்த அந்தச் சிங்கி, சினைத்தாய்களும் சேர்ந்தே அள்ளப்பட்டு 1994க்குள் அற்றுப்போனது.

ஆகவே கேட்கவேண்டியது இடத்தையும் காலத்தையும் மூடுவதைத்தான். சினைத்தாய்கள் கூடும் ஆழத்தை அவை கூடும் மாதங்களில் மூட வேண்டும். மடியின் அடிக்கண்ணையும் பெரிதாக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் தடையை ஆழச் சரிவை மனத்தில் வைத்து யாரும் வகுக்கவில்லை.

எந்த ஆழம், எந்த மாதம் என்று சொல்ல நம் பதிவேடுகள் உதவ வேண்டும். பல இறங்குதுறைகளில் இன்னும் ‘சிங்கி’ என்று ஒரே வரிதான் எழுதப்படுகிறது. வாலாக வெட்டி வந்தால் அந்த அடையாளமும் போய்விடுகிறது. கணக்கெடுக்கும் நண்பர்கள் ஆழ்கடல் சிங்கிக்குத் தனி வரி போடுங்கள். மடி இறக்கிய ஆழம், தலையோட்டு நீளம், ஆணா பெண்ணா, சினை உண்டா, சினை ஆரஞ்சா பழுப்பா என்று குறியுங்கள். ஏலத்துக்கு முன்பே, வால் வெட்டும் முன்பே குறித்து அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அந்த அட்டவணைக்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.