யாருக்கு அழகு, யாருக்குச் சாவு?

விடுதலை அரசியல் பேசுகிற பத்திரிகையில் சினிமாப் பட்டியல் எதற்கு என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நம் சேரிகள் பலவற்றில் கட்சிக் கொடிக்கம்பம் வருவதற்கு முன்னாலேயே ரசிகர் மன்றப் பலகை வந்துவிட்டது. கோயிலுக்குள் விடாதவன் கொட்டகைக்குள் காசை வாங்கிக்கொண்டு விட்டான். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவன் எந்தத் தெரு என்று இருட்டில் தெரியாது. அந்த இருட்டுதான் நம்ம ஜனங்களைச் சினிமாவோடு கட்டிப்போட்டது என்பது என் எண்ணம். (அந்த இருட்டும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. 2023 மார்ச்சில் சென்னையின் ஒரு தியேட்டர் வாசலில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடாமல் மறித்தார்கள். சனங்கள் சத்தம் போட்ட பிறகுதான் வழி விட்டார்கள்.)

ஆக, சினிமா நமக்குப் பொழுதுபோக்கு மட்டுமில்லை. பார்த்துவிட்டுக் கைதட்டிவிட்டுப் போய்விடவும் முடியாது. எனக்குப் பிடித்த படங்களை நான் எப்படிப் பொறுக்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு படம் யாருக்கு அழகைக் கொடுக்கிறது, யாருக்குச் சாவைக் கொடுக்கிறது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் நாம் கொண்டாடுகிற படங்களே கூட வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

தொண்ணூறுகளில் பங்கீடு ரொம்ப வெளிப்படையாக இருந்தது. 'தேவர் மகன்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994)... மீசை, துண்டு, ஊஞ்சல், தீர்ப்புச் சொல்கிற குரல், பின்னால் எழும்புகிற இசை, எல்லாம் அவர்களுக்கு. கைகட்டி நிற்கிற வேஷம் நமக்கு. தென்மாவட்டத் திருவிழாக்களில் அந்தப் பாட்டுகள் ஒலிபெருக்கியில் நம் தெருவைப் பார்த்துப் பாடின. 1995-இல் கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து சூறையாடிய காலமும் அதேதான். அந்தப் படங்கள்தான் அதைச் செய்தன என்று நான் சொல்லவில்லை. செய்தவர்களுக்குத் தங்கள் முகம் அழகு என்று சொல்லிக் கொடுத்தன என்கிறேன்.

பிறகு நம்மவர்கள் கேமராவைக் கையில் எடுத்தார்கள். 'அட்டகத்தி' (2012), 'மெட்ராஸ்' (2014), 'பரியேறும் பெருமாள்' (2018) என்று ஒரு வரிசை வந்தது. நல்லது. ஆனால் அந்தப் பழைய பங்கீடு மாறிவிட்டதா?

'மாமன்னன்' (2023) நடந்த கதையைப் பாருங்கள். மாரி செல்வராஜ் எடுத்தது நம் கதை. வடிவேலுவின் மாமன்னன், எம்.எல்.ஏ. ஆன பிறகும் சாதிக்காரன் முன்னால் நாற்காலியில் உட்கார முடியாதவர். தமிழ் சினிமாவில் அப்படியொரு மௌனத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் படம் ஓ.டி.டி.யில் வந்த சில நாளில் செல்போன்களில் சுற்றியது யார் முகம்? ஃபகத் ஃபாசிலின் ரத்னவேலு. வளர்த்த நாயையே அடித்துக் கொல்கிறவனை, ஆதிக்கச் சாதி இளைஞர்கள் வெட்டி எடுத்து, தங்கள் சாதிப்பாட்டைப் பின்னால் ஓட்டி, நாயகனாக்கிக்கொண்டார்கள். 'பிரதியைத் தப்பா வாசிச்சிட்டாங்க' என்று நம்ம ஆட்கள் அப்போது நிறையப் பேர் சமாதானம் சொன்னார்கள். தப்பாக வாசிக்கவில்லை தோழர்களே. அவனுக்குக் கொடுத்த கோணத்தையும் வெளிச்சத்தையும் நிதானத்தையும் சரியாகத்தான் வாசித்தார்கள். கதை நம் பக்கம் நின்றது. கேமரா கொஞ்ச நேரம் அவன் பக்கம் போய் மயங்கி நின்றுவிட்டது.

அதே இயக்குநரின் 'பரியேறும் பெருமாள்' எனக்கு அதைவிடப் பெரிய படமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அதில் ஒரு கிழவர் வருகிறார். ஆற்றில் குளிக்கிற பையனை முக்கிக் கொல்கிறார், பெண்ணைத் தூக்கில் மாட்டுகிறார். வயலுக்குத் தண்ணி பாய்ச்சிவிட்டு வருகிற மாதிரி, குலசாமிக்குச் செய்கிற காரியமாகச் செய்துவிட்டுப் போகிறார். மீசை முறுக்கல் இல்லை, வசனம் இல்லை. பார்த்தால் நம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர். அவரை வெட்டி எடுத்து எவனாலும் சாதிப்பாட்டு ஓட்ட முடியவில்லை. சாதி எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. சாதாரணமாக, அசிங்கமாக, வீட்டு வேலை மாதிரி.

இன்னொன்று 'சேத்துமான்' (2022). பெருமாள்முருகனின் கதையைத் தமிழ் எடுத்த படம். பன்றிக்கறிக்கு ஆசைப்பட்டு, ஊருக்குத் தெரியாமல் தின்னப் பார்க்கிற பண்ணைக்காரன், பங்குச் சண்டையில் நாறிப்போகிறான். ஆதிக்கச் சாதிக்காரனை இத்தனை அற்பமாக, சிரிப்பாகக் காட்டின படம் நம்மிடம் குறைவு. இயக்கத்து மேடைகளில் இந்தப் படத்தின் பெயரைக் கேட்டதே அபூர்வம். அதில் பஞ்ச் டயலாக் இல்லை, அதுதான் காரணம் போலிருக்கிறது.

எதிராளிக்கு அழகே கொடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) டான்சிங் ரோஸுக்குக் கொடுத்தார்களே! அவன் வித்தைக்காரன். அந்தக் காலாட்டம் அவன் உழைத்துச் சம்பாதித்தது. பிறப்பால் வந்த திமிருக்கும் கற்று வந்த வித்தைக்கும் ஒரே வெளிச்சம் போடாதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

இனி சாவுக்கு வருவோம். 'மெட்ராஸ்' படத்தில் அன்பு சாகிறான். 'பரியேறும் பெருமாள்' கருப்பி சாகிறாள். 'ஜெய் பீம்' (2021) ராஜாகண்ணு லாக்கப்பில் சாகிறார். 'கர்ணன்' (2021) கிழவர் தன்னையே கொளுத்திக்கொள்கிறார். 'விட்னஸ்' (2022) பையன் சாக்கடைக் குழியில் சாகிறான். எதுவும் பொய்யில்லை. எல்லாம் நடந்தது, நடப்பது. ஆனாலும் கேட்கிறேன்: நம்மாள் செத்தால்தான் ஊர்க்காரன் கண்ணில் தண்ணி வருமா? தியேட்டரில் அழுதுவிட்டு வெளியே வந்து இரட்டை டம்ளரில் டீ ஆற்றுகிறவனுக்கு நம் பிணம் ஒரு பாவமன்னிப்புச் சீட்டாக ஆகிவிடவில்லையா?

அதனால்தான் என் பட்டியலில் முதலிடம் 'அட்டகத்தி'க்கு. சொன்னால் சிரிக்கிறார்கள். 'அதுல என்னய்யா அரசியல் இருக்கு?' ஒரு பையன் பஸ்ஸில் பெண்கள் பின்னால் சுற்றுகிறான். காதலில் தோற்கிறான். வருத்தம் வரமாட்டேன் என்கிறது, வரவழைத்துப் பார்க்கிறான். வீட்டில் அப்பன் குடித்துவிட்டு அலம்பல் பண்ணுகிறார். யாரும் வெட்டுப்படவில்லை. முட்டாளாக இருக்கிற உரிமை, சிரிக்க வைக்கிற உரிமை, தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற உரிமை, இதெல்லாம் மேல்சாதி நாயகனுக்கு எப்போதும் இருந்தது. நம்மாளுக்கு அதை முதலில் கொடுத்த படங்களில் ஒன்று இது. அரக்கோணத்துக் கிரிக்கெட் படமான 'ப்ளூ ஸ்டா'ரும் (2024) இந்த ரகம்தான். நம் பையன்கள் அதில் ஜெயிப்பதற்காக ஆடுகிறார்கள், செத்துக் காட்டுவதற்காக இல்லை.

'வாழை'யும் (2024) சாவுப் படம்தானே என்பீர்கள். ஆமாம். ஆனால் அதில் சாவுக்கு முன்னால் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. வாழைத்தார் சுமந்து கழுத்து வலிக்கிற சிறுவன், ரஜினியா கமலா என்று சேக்காளியோடு மல்லுக்கட்டுகிறான், டீச்சர் மேல் ஆசை வைக்கிறான். கடைசியில் ஊரே பிணங்களைச் சுற்றி அழும்போது அவனுக்குப் பசிக்கிறது. சோற்றைப் போட்டுத் தின்கிறான். நம் சாவைப் பற்றி எடுத்த படங்களில், நம் பசியைச் சாவுக்குச் சமமாக வைத்தது அந்த ஒரு காட்சிதான்.

இன்னொரு வியாதி 'குறியீடு'. சட்டை நீலமா, சுவரில் யார் படம், கையில் என்ன புத்தகம் என்று எண்ணிக்கொண்டே நம் பிள்ளைகள் படம் பார்க்கிறார்கள். 'மெட்ராஸ்' படத்தில் காளி 'தீண்டாத வசந்தம்' படிப்பதைப் பார்த்து அந்தப் புத்தகத்தைத் தேடிப் படித்தவர்கள் உண்டு. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் 'ஃபன்றி'யைப் (2013) பாருங்கள். பிடித்த பன்றியைக் கட்டித் தூக்கிக்கொண்டு அந்தக் குடும்பம் நடக்கிறது. பின்னால் பள்ளிச் சுவரில் அம்பேத்கர், பூலே, சாவித்ரிபாய். இசை எழும்பவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற நமக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. பாபாசாகேப் படத்தைக் கைதட்டலுக்கு வைப்பதற்கும் கேள்வி கேட்க வைப்பதற்கும் உள்ள தூரம் அது.

வரப்போகிற படங்களுக்கு வருகிறேன். நம்மவர்களின் அடுத்தடுத்த படங்களுக்கு அறிவிப்புகள் வந்தபடி இருக்கின்றன. இளையராஜாவின் வாழ்க்கையைத் தனுஷ் நடிக்க அருண் மாதேஸ்வரன் எடுப்பதாக 2024 மார்ச்சில் அறிவித்தார்கள். அது எப்போது வந்தாலும் எனக்கு ஒரே கேள்விதான். பண்ணைப்புரத்தில் அவர் பிறந்த தெரு படத்தில் இருக்குமா? சிவப்புக்கொடி மேடைகளில் பாடித் திரிந்த அண்ணன் பாவலர் வரதராசன் இருப்பாரா? இல்லை, வானத்திலிருந்து நேராக ஆர்மோனியத்தில் இறங்கிய தெய்வமாக்கிவிடுவார்களா? சாவை மட்டும் காட்டுவது ஒரு மோசடி என்றால், தெருவை அழித்துவிட்டு அழகை மட்டும் காட்டுவது அதைவிடப் பெரிய மோசடி.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். 'காலா'வில் (2018) போலீஸ் உடையை உருவியபோது துணியை எடுக்காமல் கட்டையை எடுத்தாளே புயல், அவள் கதை எங்கே? 2012-லிருந்து எண்ணினால், ஒரு தலித் பெண்ணின் கண்ணால் நடக்கிற படம் என்று 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) ரெனேயையும் 'விட்னஸ்' இந்திராணியையும் தாண்டி எனக்கு விரல் மடங்க மாட்டேன் என்கிறது. நாம் எழுதுகிற விமரிசனங்களிலும் இதை யாரும் கேட்பதில்லை.

கடைசியாக, சொல்லக் கஷ்டமான ஒன்று. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் பா. ரஞ்சித்தின் 'வேட்டுவம்' படப்பிடிப்பில், கார் கவிழும் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்துபோனார். வழக்குப் பதிவானது. யார் பொறுப்பு என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். நம் இயக்கத்துப் பத்திரிகைகள் இதைப் பேசத் தயங்கின என்பதுதான் என் வருத்தம். வேறொரு கம்பெனிப் படமாக இருந்திருந்தால் விட்டிருப்போமா? வாழைத்தார் லாரியில் ஏற்றப்பட்டுச் செத்த கூலிக்காக அழத் தெரிந்த நமக்கு, கார் ஏறிச் செத்த கூலியும் கூலிதான். படத்துக்குள் யாருக்குச் சாவு என்று கேட்கிறவர்கள் படப்பிடிப்பிலும் அதைக் கேட்க வேண்டும். காப்பீடு உண்டா, ஆம்புலன்ஸ் நின்றதா, சங்கம் என்ன சொன்னது என்று கேட்பதால் நம் இயக்குநர்கள் யாரும் குறைந்துவிடமாட்டார்கள்.

அடுத்த படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்கே நான் போவேன், விசிலும் அடிப்பேன். ஆனால் வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடப்போவதில்லை. என் பட்டியலில் விட்டுப்போனதும் வேண்டாததும் இருக்கும். மாணவத் தோழர்கள் தங்கள் பட்டியலோடு சண்டைக்கு வரட்டும்.