அடுப்படியும் அரசியல்தான்!

“பாலஸ்தீனக் கவிஞர்கள் அம்மாவைப் பாடுகிறார்கள், ரொட்டியைப் பாடுகிறார்கள், வீட்டுச் சாவியைப் பாடுகிறார்கள். இதில் போராட்டம் எங்கே இருக்கிறது?” என்று சில இலக்கியச் சீமான்கள் கேட்கிறார்கள். வேறு சிலரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆகா, என்ன சோகம்! இதில் அரசியலைக் கலக்காதீர்கள்” என்று உபதேசம் செய்கிறார்கள்.

இரு சாராருக்கும் நாம் பதில் சொல்கிறோம். குடும்பத்தின் மீதே குண்டு விழும் நாட்டில் குடும்பத்தைப் பாடுவதுதான் அரசியல்! அந்தக் கண்ணீருக்குக் காரணம் யார் என்று கேட்காத அனுதாபம், குற்றவாளிக்குப் போர்த்தும் போர்வை!

1948ல் நடந்தது என்ன? 7 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீன மக்கள் வீடு வாசல் இழந்து அகதிகளானார்கள். 400க்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாயின. கலிலேயாவில் இருந்த அல்-பிர்வா அவற்றில் ஒன்று. அங்கே பிறந்த மஹ்மூத் தர்வீஷ் அப்போது 7 வயதுச் சிறுவன். குடும்பம் லெபனானுக்கு ஓடியது. மறு வருஷம் மறைந்து மறைந்து திரும்பி வந்தபோது ஊரே இல்லை! சொந்த மண்ணில் நிற்பவனுக்குச் சட்டம் சூட்டிய பெயர், “இங்கிருந்தும் இல்லாதவன்”! நிலம் பறிபோயிற்று; குடியானவன் கூலியானான்.

அந்தச் சிறுவன் வளர்ந்து, ஹைஃபா நகரில் கம்யூனிஸ்ட் கட்சியின் பத்திரிகைகளில் வேலை செய்தார். பல முறை சிறை புகுந்தார். சிறையில் எழுதியதுதான் “என் தாய்க்கு” என்ற கவிதை. தாய் சுட்ட ரொட்டியையும் தாய் போட்ட காப்பியையும் ஏங்கும் மகனின் பாட்டு. லெபனான் நாட்டு மார்சேல் கலீஃபே அதற்கு மெட்டமைத்துப் பாடினார்; அரபு மக்கள் அதைத் தம் சொந்தப் பாட்டாக ஏற்றார்கள்.

வெறும் குடும்பப் பாட்டு என்றால் ஆட்சியாளர்கள் ஏன் நடுங்கினார்கள்? 1966 வரை இஸ்ரேலுக்குள் வாழ்ந்த அரபு மக்கள் மீது ராணுவ நிர்வாகம் நடந்தது. ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் கவிதை படிக்கப் போனால் கைது! சீமான்களுக்குப் புரியாத விஷயம் போலீசுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

கூலிகளின் ரத்தம்

கப்ர் காசிம் கிராமத்தை உழைப்பாளி மக்கள் மறக்கக் கூடாது. 1956 அக்டோபர் 29. மாலை 5 மணிக்கு ஊரடங்கு என்று, அரை மணி நேரத்துக்கு முன்புதான் ஊர்த் தலைவருக்குச் சொன்னார்கள். வயலில் இருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? வேலை முடிந்து வீடு திரும்பியவர்களை ஊர் எல்லையில் நிறுத்திச் சுட்டார்கள். பெண்கள், சிறுவர்கள் உட்பட 49 பேர் மாண்டனர். படைப்பிரிவுத் தலைவனுக்குக் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? ஒரு காசு அபராதம்!

அரசு மூடி மறைத்த இக்கொடுமையை அம்பலப்படுத்த முன்னின்றவர்கள் இரண்டு கம்யூனிஸ்ட் பார்லிமெண்ட் உறுப்பினர்கள். ஒருவர் அரபுத் தோழர் தவ்ஃபீக் தூபி. மற்றவர் யூதத் தோழர் மெயிர் வில்னர். இதை மதச் சண்டை என்று திரிப்பவர்கள் இந்த இரு பெயர்களையும் சேர்த்துப் படிக்கட்டும்! மாண்ட கூலிகளைத் தர்வீஷும் சமீஹ் அல்-காசிமும் பாடினார்கள். நீதிமன்றம் ஒரு காசு விலை போட்ட உயிர்களுக்குக் கவிதை மதிப்புத் தந்தது.

காஸாவின் சாட்சி

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் மாண்டார்களே என்று கேட்பார்கள். உண்மை. அவர்களுக்கும் தாய்மார்கள் உண்டு. ஆனால் அதற்காகக் காஸாவின் குழந்தைகளைக் கொல்வது எந்த ஊர் நியாயம்? 2025 ஆகஸ்டுக்குள் அங்கே மாண்டவர்கள் 60,000க்கும் மேல் என்கிறது காஸா சுகாதார அமைச்சகம். அந்தக் குண்டுகளை வாரி வழங்கியது அமெரிக்க ஏகாதிபத்தியம்!

2023 அக்டோபர் 20ல் கவிஞர் ஹிபா அபூ நதா குண்டுக்குப் பலியானார். டிசம்பர் 6ல் கவிஞரும் ஆசிரியருமான ரிஃபாத் அல்-அரீர் கொல்லப்பட்டார். அண்ணன் தம்பி, அக்காள் தங்கை உறவும் அவர்களின் பிள்ளைகளும் அவரோடு மாண்டனர். தாம் இறந்தால் பிழைத்திருப்பவர்கள் தம் கதையைச் சொல்ல வேண்டும், காஸாவின் பிள்ளைக்கு ஒரு காற்றாடி பறக்க வேண்டும் என்று 2011லேயே எழுதி வைத்தவர் அவர். 2024 ஏப்ரலில் அவருடைய மூத்த மகளும், மருமகனும், கைக்குழந்தையும் கொல்லப்பட்டார்கள். மூன்று தலைமுறை! இதன் பிறகும் “குடும்பம் வேறு, அரசியல் வேறு” என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

வீட்டை இடித்தவன், அங்கே வீடே இருக்கவில்லை என்று நாளை சாதிப்பான். இருந்தது, அங்கே அடுப்பு எரிந்தது, பிள்ளை தூங்கியது என்று சாட்சி சொல்கிறது கவிதை. ஆகவேதான் அது அவனுக்குப் பகை, நமக்கு உறவு.

தோழர்களே! இலங்கைக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் தந்திருக்கிறார். சங்கக் கட்டிடத்திலும் படிப்பகத்திலும் அவற்றை உரக்கப் படியுங்கள். எழுத்தறியாத தோழருக்குப் படித்துக் காட்டுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும். ஆனால் கண்ணீரோடு நின்றுவிடாதீர்கள். குண்டு போட்டவன் பெயரையும், குண்டு கொடுத்தவன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்!