கரண்ட் போச்சா? கார் கை கொடுக்கும்!

மதுரையில் மின் பராமரிப்பு நாள் என்றால் காலையில் போகிற கரண்ட் மாலையில்தான் வரும். கடைக்காரர் விசிறியை வீசிச் சமாளிப்பார். பேட்டரி ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டு போகும் பையன் என்ன செய்வான்? சார்ஜ் தீர்ந்தால் அன்றைய கூலி அம்போ!

வழி இருக்கிறது. டாடா நெக்சான் மின்சாரக் காரில், 2023-ல் வந்த மாடல் முதல், சில வகைகளில் வெளியே கரண்ட் எடுக்கும் வசதி உண்டு. அதில் ஸ்கூட்டர் சார்ஜரை மாட்டலாம். பெரிய பேட்டரி என்றால் 40 யூனிட்டுக்கு மேல் பிடிக்கும். அதில் ஒரே ஒரு யூனிட் கொடுத்தால் போதும். ஸ்கூட்டர் 25 கிலோமீட்டராவது ஓடும். காருக்குக் குறைவது ஏழெட்டு கிலோமீட்டர்தான்!

அதற்காகக் கண்ட வயரையும் இழுத்துச் செருகக் கூடாது. கம்பெனி அடாப்டர் அவசியம். மழையில் தொடவே வேண்டாம். எல்லா மின்சாரக் காரிலும் இந்த வசதி கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2012 மின்வெட்டில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர்தான் தெருவுக்கே ராஜா. இப்போது அந்த இடம் கார்காரருக்கு! சும்மா தர வேண்டாம். யூனிட்டுக்கு நியாயமான காசு வாங்கிக்கொள்ளட்டும். தெருவில் ஒரு கார் மனசு வைத்தால் நாலு வீட்டில் அடுப்பு எரியும். வைப்பார்களா?